"சொத்து ஏதும் உண்டா?" – ஒரு கேள்வி நடந்து வந்த பாதை



இது சற்று நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

போன மாதம் ஒரு நாள் காலை, வாசல் தெளித்துக் கோலம் காயுமுன்னே ஒரு அம்மா வந்து திண்ணையில் உட்கார்ந்தார். பக்கத்துக் கிராமம். அவருடைய இரண்டு பெண்களுமே என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவர்கள். வீட்டுக்காரர் இறந்து பதினொரு வருடம் ஆகிறது. பெண்களைக் கட்டிக் கொடுத்தாயிற்று. ஆண் பிள்ளை இல்லை. நூறு நாள் வேலைக்குப் போய்க் கொண்டிருந்தவருக்கு முழங்கால் மடக்க முடியாமல் போய், முதியோர் உதவித்தொகைக்கு இ-சேவை மையத்தில் மனுப் போட்டிருக்கிறார். மனு தள்ளுபடி. காரணம் ஒரே வரி: மனுதாரர் பெயரில் சொத்து உள்ளது.

"வாத்தியாரய்யா, எனக்கு எங்கிட்டு இருக்கு சொத்து? நீங்களே சொல்லுங்க" என்றார்.

மஞ்சள் பையில் இருந்து பட்டா நகலை எடுத்துக் கொடுத்தார். கூட்டுப் பட்டா. வீட்டுக்காரரும் அவருடைய அண்ணன் தம்பிகள் நால்வரும், ஆக ஐந்து பேர் சேர்ந்து அந்தக் காலத்தில் கிரயம் வாங்கிய புஞ்சை. பரப்பு 0.48.50 ஹெக்டேர், நம் கணக்கில் ஒரு ஏக்கர் இருபது சென்ட். வீட்டுக்காரர் இறந்த பிறகு வாரிசு என்று இந்த அம்மாவின் பெயர் ஏறியிருக்கிறது. அந்தப் புஞ்சையை எனக்குத் தெரியும். உழவு கண்டு இருபது வருடம் இருக்கும். சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு மேல் மண்டிக் கிடக்கிறது. ஆடு கூட உள்ளே போய்த் திரும்பினால் முள்ளோடுதான் திரும்பும்.

"அந்தக் கருவக்காட்டைத் திங்கவா முடியும்?" என்று கேட்டார்.

பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வயதானவருக்கு மாதம் ஒரு தொகை கொடுக்கும் முன் "உனக்குச் சொத்து ஏதும் உண்டா?" என்று கேட்கும் வழக்கம் எங்கே தொடங்கியது? நான் ஆசிரியப் பயிற்சி முடித்த இடைநிலை ஆசிரியன். வரலாற்று அறிஞன் இல்லை. ஆனாலும் முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்கு "ஏன், எதற்கு என்று கேள்" என்று சொல்லிக் கொடுத்தவன். நானே கேட்டுப் பார்க்காவிட்டால் எப்படி?

*

முதலில் கொஞ்சம் தூரம் போய் வருவோம்.

முதுமைக்கு அரசு பணம் தருவது என்ற ஏற்பாட்டில் உலகில் இரண்டு வழிகள் உருவாயின. ஒன்று ஜெர்மனியில் 1889இல் பிஸ்மார்க் காலத்தில் வந்தது. வேலை செய்யும் காலத்திலேயே தொழிலாளியும் முதலாளியும் பணம் கட்டி வருவார்கள். அரசும் ஒரு பங்கு போடும். 70 வயதானால் ஓய்வூதியம். கட்டிய பணம் திரும்பி வருகிறது என்பதால் சொத்து உண்டா இல்லையா என்ற கேள்விக்கு அங்கே பெரிய வேலை இல்லை.

இரண்டாவது வழி, யாரும் எதுவும் கட்ட வேண்டாம், இல்லாதவர்களுக்கு மட்டும் அரசு கொடுக்கும் என்பது. டென்மார்க் 1891இலும் நியூசிலாந்து 1898இலும் இதைச் சட்டமாக்கின. இல்லாதவர்களுக்கு மட்டும் என்று சொன்னவுடனே, இல்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வியும் பிறந்துவிட்டது. நம்ம ஊர் மனுவில் இருக்கும் கேள்விக்கு முன்னோர்கள் இவர்கள்தாம்.

நியூசிலாந்துச் சட்டப்படி 65 வயதானவருக்கு வருடத்துக்கு 18 பவுண்டு. சொத்து 50 பவுண்டுக்கு மேல் இருந்தால், மேற்கொண்டு இருக்கும் ஒவ்வொரு 15 பவுண்டுக்கும் ஓய்வூதியத்தில் ஒரு பவுண்டு குறையும். மனுப் போட்ட கிழவர்களும் கிழவிகளும் மாஜிஸ்திரேட் முன்பு, பொதுமக்கள் உட்கார்ந்திருக்கும் நீதிமன்றத்தில் நின்று தங்கள் வரவையும் சொத்தையும் நடத்தையையும் சொல்ல வேண்டும். எத்தனை பேருக்கு நாக்கு எழும்பியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒரு செய்தியை வாசித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த நாட்டின் பூர்வகுடிகளான மவோரி மக்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். ஆனால் அவர்கள் நிலம் தனித்தனி ஆள் பெயரில் இல்லை. இனத்தின் பொது நிலம். அந்தப் பொது நிலத்தில் ஒருவருக்கு உள்ள பங்கையும் அவர் சொத்தாகக் கணக்கிட்டார்கள். அந்தப் பங்கை விற்கவும் முடியாது, தனியாக அனுபவிக்கவும் முடியாது. ஆனாலும் அதைக் காட்டிப் பலருக்குத் தொகை குறைந்தது, சிலருக்குக் கிடைக்கவே இல்லை. கடல் கடந்து, நூறு வருடத்துக்கு முன், அதே கூட்டுப் பட்டா விவகாரம்!

பிரிட்டனில் 1908இல் சட்டம் வந்தது. 1909 ஜனவரி முதல் தேதி முதன்முதலாகப் பணம் கொடுத்தார்கள். வயது 70. வாரம் 5 ஷில்லிங். வருடத்துக்கு 21 பவுண்டுக்குள் வருமானம் உள்ளவருக்கு முழுத் தொகை. 31 பவுண்டு 10 ஷில்லிங்கைத் தாண்டினால் ஒன்றும் இல்லை. இடையில் உள்ளவர்களுக்குப் படிப்படியாகக் குறையும். தொடக்கத்திலேயே சுமார் 5 லட்சம் பேர் தபால் நிலையங்களில் வாங்கினார்கள்.

அயர்லாந்தில் இன்னொரு சிக்கல். அங்கே எல்லோருக்குமான பிறப்புப் பதிவு 1864இல்தான் தொடங்கியது. 70 வயதுக்காரரிடம் ஏது சான்று? ஆனால் 1839 ஜனவரி 6ஆம் தேதி இரவு அந்த நாட்டையே புரட்டிப் போட்ட ஒரு பெரும் புயல் அடித்திருந்தது. "அந்தப் புயல் ராத்திரி எனக்கு நினைவிருக்கிறது" என்று சொல்வதே வயதுக்குச் சாட்சியாக ஆனது. இதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. நம் பக்கத்திலும் வயது கேட்டால் "தனுஷ்கோடி புயலடிச்சப்ப நான் கைப்பிள்ளை", "அப்ப நான் ஆடு மேச்சுக்கிருந்தேன்" என்றுதானே சொல்வார்கள்? 1964 டிசம்பர் 22 இரவு. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் அப்படிக் கணக்குப் போட்டு நானே எத்தனையோ பிறந்த தேதிகளை எழுதியிருக்கிறேன். ஆடி மாதம் என்றால் ஜூலை, உத்தேசமாக. அந்த உத்தேசத் தேதிதான் இன்றைக்கு ஆதார் அட்டையில் அசைக்க முடியாத உண்மையாக உட்கார்ந்திருக்கிறது.

அந்த 1908ஆம் வருடச் சட்டத்தில் இன்னொரு விதியும் இருந்தது. ஓய்வூதியம் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே ஒருவர் தன் சொத்தை வேறொருவருக்கு எழுதிக் கொடுத்தால், அந்தச் சொத்து இன்னும் அவரிடமே இருப்பதாகத்தான் கணக்கு. அதாவது, கேள்வி கேட்டால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பது அப்போதே தெரிந்திருந்தது. இந்த விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்கு வருகிறேன்.

*

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

நம் ஊரில் கையில்லாதவர்களை அரசு பெயர் எழுதிக் கணக்கெடுத்தது பஞ்ச காலத்தில்தான். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருஷப் பஞ்சத்தை நம் பாட்டிமார் வாய்வழி கேட்டவர்கள் உண்டு. அப்போது நிவாரண வேலைக்கு வருபவருக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று கூலியைக் குறைக்கச் சொன்னவர் ரிச்சர்டு டெம்பிள். அது உயிர் தாங்காது என்று எதிர்த்தவர் மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். பஞ்சத்துக்குப் பிறகு எழுதப்பட்ட பஞ்ச விதித்தொகுப்புகளில், வேலை செய்ய முடியாத முதியோர், நோயாளிகள் போன்றவர்களுக்கு மட்டும் வேலையில்லாமல் உதவி என்று ஒரு பிரிவு வைத்தார்கள். ஊர் அதிகாரிகள் பட்டியல் எழுத வேண்டும். மேலதிகாரி வந்து தணிக்கை செய்ய வேண்டும். இன்றைக்குக் கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து, வருவாய் ஆய்வாளர் பரிந்துரைத்து, வட்டாட்சியர் உத்தரவு போடுகிறாரே, அந்த நடைமுறையின் சாயல் அங்கேயே தெரிகிறது.

சுதந்திரத்துக்குப் பின் நம் அரசியலமைப்பின் 41ஆவது பிரிவு, முதுமை, நோய், வேலையின்மை ஆகியவற்றில் அரசு தன் சக்திக்கு உட்பட்டு உதவ வேண்டும் என்றது. 1957இல் உத்தரப்பிரதேசம் முதியோர் ஓய்வூதியம் தொடங்கியது. நம் மாநிலத்தில் 1962 ஏப்ரல் 1 முதல். காமராஜர் முதலமைச்சர். மாதம் 20 ரூபாய்.

அந்த 20 ரூபாயை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் அப்பத்தாவின் தங்கை ஒருவர், பிள்ளையில்லாதவர், எங்கள் வீட்டுக்குப் பின்னால் பனையோலைக் குடிசையில் இருந்தார். மாதம் ஒரு தடவை தபால்காரர் சைக்கிள் மணி அடித்தால், இடுப்புச் சுருக்குப் பையைத் தடவிக்கொண்டே வெளியே வருவார். மணியார்டர் தாளில் பெருவிரல் மை வைத்து உருட்டுவார். அன்றைக்கு மட்டும் எங்களுக்கெல்லாம் பொரிகடலை. ஊரில் அதை "அனாதைப் பணம்" என்பார்கள். அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்காது. "காமராசு பணம்" என்றுதான் சொல்வார்.

அதன் பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1974இல் மாற்றுத்திறனாளிகளுக்கு, 1975இல் ஆதரவற்ற விதவைகளுக்கு, 1981இல் ஆதரவற்ற விவசாயத் தொழிலாளர்களுக்கு, 1986இல் கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு. 1995 ஆகஸ்ட் 15 முதல் மத்திய அரசின் தேசிய சமூக உதவித் திட்டமும் சேர்ந்தது. 2007இல் அதன் முதியோர் திட்டத்துக்கு இந்திரா காந்தி பெயர் வைத்தார்கள். 2011இல் வயது வரம்பு 65இலிருந்து 60 ஆனது. அதே 2011இல் நம் மாநிலத்தில் தொகை 500இலிருந்து 1,000 ஆயிற்று. 2023 ஆகஸ்டு முதல் 1,200. இதில் 80 வயதுக்குட்பட்ட ஒருவருக்கு மத்திய அரசு போடுவது 200 ரூபாய். மீதி மாநில அரசு.

தொகை ஏறியது. வயது இறங்கியது. பணம் வரும் வழியும் மணியார்டரில் இருந்து வங்கிக்கு மாறியது. ஆனால் "சொத்து ஏதும் உண்டா?" என்ற கேள்வி மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை. சொத்து மதிப்பு ஒரு காலத்தில் 5,000 ரூபாய்க்குள் என்று இருந்தது, பிறகு 50,000, இப்போது ஒரு லட்சம்.

*

ஒரு லட்சம் என்பது பெரிய தொகைதானே என்று பட்டணத்துக்காரர்கள் நினைக்கலாம். நம் முதுகுளத்தூர் மண்ணில் நின்று பார்த்தால்தான் இதன் சங்கடம் தெரியும்.

1803இல் கிழக்கிந்தியக் கம்பெனி, இராமநாதபுரம் சீமையை நிரந்தரத் தீர்வு செய்து மங்களேசுவரி நாச்சியாருக்கு ஜமீனாகக் கொடுத்தது. அதன்பின் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு நம் முன்னோர் ஜமீனுக்கு வரி கட்டி உழுதவர்கள். 1948ஆம் வருட ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் ரயத்துவாரி முறையில் உழுதவன் பெயருக்குப் பட்டா என்ற பேச்சே இங்கே வந்தது. அதனால் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குப் பட்டா என்பது வெறும் காகிதமில்லை. சாமி படத்துக்குப் பின்னால் வைக்கும் பொருள்.

பிறகு 1979 முதல் 1987 வரை நிலவுடைமைப் பதிவுகளைத் திருத்தும் வேலை நடந்தது. இன்றைக்கும் "யுடிஆர்" என்றால் எல்லோருக்கும் புரியும். இடையில், 1980 நவம்பரில், பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. வாரிசு உரிமையாக வந்த அதிகாரம் போய்த் தேர்வு எழுதி வருபவர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். அது நல்ல காரியம். ஆனால் எந்த வயல் யாருக்கு, எந்தத் தம்பி எந்தப் பக்கம் உழுதான் என்று மனப்பாடமாக வைத்திருந்த ஆளும் போய்விட்டார். அண்ணன் தம்பிகள் வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டு வரப்புப் போட்டார்கள், தாளில் பிரிக்கவில்லை. உட்பிரிவு செய்யப் பணம் வேண்டும், சர்வேயர் வர வேண்டும், எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் திருப்பூரில், ஒருவர் சவூதியில், ஒருவர் பேச்சுவார்த்தையில் இல்லை. ஆகவே தாத்தா பெயரிலும் கூட்டுப் பட்டாவிலும் நிலம் அப்படியே கிடக்கிறது.

அதன்மேல் கருவேலம். கண்மாய் பெருகினால் மிளகாயும் பருத்தியும் நெல்லும் போடும் பூமி இது. 2023இல் நம் இராமநாதபுரம் குண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான். ஆனால் மழை தவறிய வருடங்களில் கைவிட்ட புஞ்சைகள் கரிமூட்டத்துக்கு விறகு தருவதைத் தவிர வேறு எதுவும் தருவதில்லை. அந்த விறகும் வெட்டுகிறவனுக்குத்தான்.

வருமானம் சுழி. ஆனால் வழிகாட்டி மதிப்பு என்று ஒன்று இருக்கிறதே, அதற்குக் கருவேலமும் தெரியாது, மிளகாயும் தெரியாது.

*

இப்போது அந்த அம்மாவின் கணக்குக்கு வருகிறேன். நான்காம் வகுப்புக் கணக்குத்தான். கூடவே போடுங்கள்.

மொத்தம் 120 சென்ட். ஒரு சென்ட் ஆயிரம் ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மொத்த மதிப்பு 1,20,000. ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. தள்ளுபடி.

ஆனால் நிலம் ஐந்து பேர் பெயரில் இருந்தது. வீட்டுக்காரர் பங்கு 24 சென்ட். அவர் இறந்தபின் மனைவிக்கும் இரண்டு பெண்களுக்கும் சமபங்கு. 24ஐ மூன்றால் வகுத்தால் 8 சென்ட். அந்த அம்மாவின் சொத்து மதிப்பு எட்டாயிரம் ரூபாய்!

எட்டாயிரம் எங்கே, ஒரு லட்சத்து இருபதாயிரம் எங்கே? பட்டாவில் பெயர் இருக்கிறது என்பதைப் பார்த்தார்கள். எத்தனையில் ஒரு பங்கு என்பதைப் பார்க்கவில்லை. நான் யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. ஒரு அலுவலர் மேசையில் எத்தனை மனு குவிகிறது என்பது எனக்குத் தெரியும். தகுதியில்லாதவருக்குக் கொடுத்தால் தணிக்கையில் அவர் தலைதான் உருளும். தகுதியுள்ளவருக்குக் கொடுக்காமல் விட்டால் எந்தத் தணிக்கையும் கேட்காது. அதுதான் கோளாறு.

இன்னொன்றும் நினைத்துப் பாருங்கள். 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கும் நில வரம்பு உண்டு. அங்கே நன்செய் 5 ஏக்கருக்குள், புன்செய் 10 ஏக்கருக்குள் என்று பரப்பைப் பார்த்தார்கள். வானம் பார்த்த பூமிக்காரர்களுக்கு அது புரிகிற அளவு. முதியோர் உதவித்தொகையில் மட்டும் ரூபாய் மதிப்பு. நியூசிலாந்திலும் பிரிட்டனிலும் கூட சொத்தோ வருமானமோ கூடினால் தொகை படிப்படியாகத்தான் குறைந்தது. நம்மிடம் படிக்கட்டு இல்லை; மேட்டில் இருந்து நேரே கிணறு. கோட்டுக்கு இந்தப் பக்கம் 1,200 ரூபாய், அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.

*

என் கதையையும் சொல்லியாக வேண்டும். ஊரார் கதையை மட்டும் சொல்வது முறையில்லை.

நானும் சொத்து விவரம் எழுதிக் கொடுத்தவன்தான். அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973இன்படி, பணியில் சேரும்போதும் பிறகு அவ்வப்போதும் அசையாச் சொத்து விவரம் கொடுக்க வேண்டும். ஆனால் அங்கே கேள்வியின் நோக்கமே வேறு. வரவுக்கு மீறிச் சேர்த்தாயா என்று பார்ப்பது. நேர்மையாக வாங்கியது என்றால் பத்து வீடு இருந்தாலும் என் ஓய்வூதியத்தில் ஒரு ரூபாய் குறையாது. ஓய்வூதியம் என்பது அரசு மனமிரங்கிப் போடும் கொடை அல்ல, உழைத்தவரின் உரிமை என்று 1982 டிசம்பர் 17இல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த நாளைத்தான் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறோம். நானும் வருடா வருடம் போய் மாலை போட்டு, வடை சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

அந்த அம்மா என் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அது உறுத்தியது. நான் பலகையில் எழுதி உழைத்தேன். அவர் நாற்று நட்டு, மிளகாய்ப் பழம் ஆய்ந்து, சுள்ளி பொறுக்கி உழைத்தார். அவர் உழைப்புக்கு வருகைப் பதிவேடு இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி, நான் செய்த ஒரு தவறு. இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

1994 என்று நினைவு. நான் வேலை பார்த்த ஊரில் ஒரு பெரியவர் மனு எழுத வந்தார். ஆண் வாரிசு இல்லை. ஒரு மகள், அவரும் இறந்துவிட்டார். மகள் வயிற்றுப் பேரன் ஒருவன் உண்டு. பெரியவர் பெயரில் ஒன்றரை ஏக்கர் மிளகாய்ப் புஞ்சை. "நிலம் உங்க பேர்ல இருந்தா பணம் வராதுங்கய்யா. பேரன் பேருக்கு எழுதி வச்சிருங்க. எப்படியும் அவனுக்குத்தானே" என்று சொன்னேன். சொன்னது மட்டுமில்லை, பத்திரப் பதிவுக்கும் நானே கூடப் போனேன். தான செட்டில்மெண்ட். பெரிய உதவி செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

பணம் வந்தது. இரண்டு வருடத்தில் பேரன் வெளிநாடு போக ஏஜென்டுக்குப் பணம் கட்ட நிலத்தை விற்றுவிட்டான். வாங்கியவர் வேலி போட்டார்.

ஒரு ஐப்பசி மாதம், நல்ல மழை பெய்திருந்தது. பெரியவர் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் வந்து நின்றார். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல வாத்தியாரே. பணம் மாசாமாசம் வருது. மழை பேஞ்சா போயி நிக்கிறதுக்குத்தான் ஒரு வரப்பு இல்லாமப் போச்சு" என்றார். என்மேல் கோபம் கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

முன்னால் மனதில் வைக்கச் சொன்ன 1908ஆம் வருட விதி இதுதான். ஓய்வூதியத்துக்காகச் சொத்தை எழுதிக் கொடுத்தாலும் அது உன்னுடையதாகத்தான் கணக்கு என்று அவர்கள் எழுதியது ஏமாற்றைத் தடுக்க. ஆனால் இந்தக் கேள்வி பல முதியவர்களை ஏமாற்றுக்காரர் ஆக்குவதில்லை, நிலமில்லாதவர் ஆக்குகிறது. அதைச் செய்யத் தூண்டியவர்களில் நானும் ஒருவன்.

*

ஆகவே, தெரிந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று. உதவித்தொகைக்காக யாரும் நிலத்தையோ வீட்டையோ பிள்ளைகள் பெயருக்கு எழுதி வைக்கச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே எழுதுவது என்று முடிவு செய்தவர்கள், "என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007ஆம் வருடப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு, அப்படி எழுதி வாங்கிக்கொண்டு பராமரிக்காவிட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய வழி தருகிறது. வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுச் செய்யலாம், வக்கீல் தேவையில்லை.

இரண்டு. இருக்கும் நிலத்தை மறைத்து "இல்லை" என்று எழுதாதீர்கள். இப்போது பட்டா கணினியில் இருக்கிறது. பெயரைத் தட்டினால் வந்துவிடும். மறைத்தால் மனு மட்டுமல்ல, உங்கள் பேச்சின் மதிப்பும் போய்விடும்.

மூன்று. கூட்டுப் பட்டா என்றால் மொத்தப் பரப்பு எவ்வளவு, எத்தனை பங்குதாரர், உங்கள் பங்கு எவ்வளவு என்று தனித் தாளில் கணக்குப் போட்டு மனுவோடு வையுங்கள். வாரிசுச் சான்று, கூட்டுப் பட்டா நகல், கிரயப் பத்திர நகல் இணையுங்கள். நிலம் தரிசு என்றால் அடங்கல் நகல் வாங்குங்கள். எந்தப் பசலியில் என்ன பயிர், எப்போதிருந்து தரிசு என்பது அதில் இருக்கும். முடிந்தால் உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கிவிடுங்கள். அது இன்றைய மனுவுக்கு மட்டுமல்ல, பேரப்பிள்ளைகள் சண்டைக்கும் மருந்து.

நான்கு. தள்ளுபடி ஆனால் அதோடு கதை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீடு செய்யுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது; வருடம் ஒரு முறை ஜமாபந்தி இருக்கிறது. வயதானவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள். படித்த பிள்ளை ஒருவர் கூடப் போனாலே பாதி வேலை முடியும்.

அந்த அம்மாவுக்கு 120, 24, 8 என்ற கணக்கை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, அடங்கல் நகலையும் சேர்த்து மறுபடி மனுப் போட்டிருக்கிறோம். நானும் கூடப் போயிருந்தேன். மேசையில் இருந்த தம்பி தாளை இரண்டு முறை படித்தார். "சார், பங்குக் கணக்கை இப்படி யாரும் எழுதிக் கொண்டுவர்றதில்ல" என்றார். மரியாதையாகத்தான் பேசினார். பதில் இன்னும் வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன்.

திரும்பி வரும்போது பேருந்தில் அந்த அம்மா கேட்டார்: "அந்த எட்டு செண்டும் என் பேர்லயேதான இருக்கும்? பணம் குடுத்துட்டு அதப் புடுங்கிக்கிற மாட்டாகளே?"

"இருக்கும்மா. உங்க பேர்லயேதான் இருக்கும்" என்றேன்.

அப்போதுதான் கால்களை நீட்டி, இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்தார்.

உங்கள் ஊரிலும் இப்படிக் கூட்டுப் பட்டாவால் மனு தள்ளுபடியான பெரியவர்கள் இருந்தால், மேலே சொன்ன கணக்கை அவர்களுக்குப் போட்டுக் கொடுங்கள். ஒரு வெள்ளைத் தாளும் ஒரு பேனாவும் போதும். நாம் கற்ற கணக்கு வேறு எதற்கு?

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
முதுகுளத்தூர்.